அக்கா மகள் கல்யாணத்துக்குத் தேதி பார்த்த கதை

வாஷிங்டன்,
நம் அடிஸ் அபாபாக் கணக்கில் 1992 ஹெதார் மாதம்; இவர்கள் கணக்கில் 1999 டிசம்பர்.

மதிப்புக்குரிய யெஷி அக்காவுக்கு, தம்பி அஸ்ரத் தலைவணங்கி எழுதுவது. நீயும் மகள் மெக்தெஸும் அண்டை அயலாரும் அந்த நொண்டி நாயும் நலமா? ஆண்டவன் கருணையால் நான் நலம். உங்களைப் பார்க்காத ஏக்கத்தைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை. தொந்தியைக் குறையில் சேர்ப்பதில்லை.

மெக்தெஸுக்குத் திர் மாதம் பதினான்கில் கல்யாணம் என்று எழுதியிருந்தாய். அத்தான் இருந்திருந்தால் மணமக்கள் அவர் முழங்காலில் முத்தமிட்டுத்தான் ஆசி வாங்குவார்கள். அவருக்கான நாற்காலியில் நான் உட்கார வேண்டும் என்று நீ எழுதியதைப் படித்ததும் அழுதுவிட்டேன். பெண்ணை இரண்டு வயதில் பார்த்தது. பதினெட்டு வருஷமாக "அடுத்த வருஷம் நிச்சயம்" என்றே எழுதிவரும் ஆசாமிக்கு இந்த மரியாதை ரொம்ப அதிகம். உடனே தேதியைக் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு மாதமும் கடைசியில் ஒரு குட்டிப் பதிமூன்றாம் மாதமும் உள்ள நம் ஊர்த் தேதியை இவர்கள் தேதியாக மாற்ற இங்கே தேவாலயத்தில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். திர் பதினான்கு என்றால் ஜனவரி 22, சனிக்கிழமை. நீ ஞாயிறு என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடியை மாற்று அக்கா.

பிறகு ஒரு மாதம் விடுப்புக் கேட்கலாம் என்று, நான் வேலை பார்க்கும் கார் நிறுத்துமிடத்தின் மேலாளரிடம் போனேன். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த வாய், அவரைக் கண்டதும் "மூணு நாள் போதும் சார்" என்றது. அவர், "திங்கக்கிழமை காலையில வரலைன்னா அப்புறம் வரவே வேணாம்" என்றார். எனவே வியாழன் இரவு அடிஸ் அபாபாவில் இறங்குவேன், சனிக்கிழமை கல்யாணம், ஞாயிறு விடிந்ததும் திரும்பும் விமானம், அதுவும் தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட். இரண்டாயிரம் பிறந்தால் கணினியெல்லாம் குழம்பிவிடுமாம், இங்கே ஒரே கலவரம். நமக்கு இன்னும் 1992தானே, நான் குழம்ப மாட்டேன். நீ அழுது புரண்டாலும் ஒரு நாள் கூடுதலாகத் தங்க முடியாது. இது என் இறுதி முடிவு.

ஊருக்குப் போகிறேன் என்று ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். மறுநாளே வீட்டில் பதினேழு பொட்டலம். ஒருவர் தன் தாயாருக்குப் பல்செட் கொடுத்தார், இன்னொருவர் தம்பியின் லாரிக்குப் பக்கக் கண்ணாடி கொடுத்தார். மறுக்க முடியுமா? நானும் பிறர் பெட்டியில்தானே உனக்கு இத்தனை வருஷம் செருப்பு அனுப்பினேன்! இரண்டு பெட்டியும் நிரம்பி, என் துணிக்கு இடமில்லை. என் மனைவி ஸெனெபெச் வழி சொன்னாள்: "கல்யாணக் கோட்டை மாட்டிக்கிட்டே ஏறிடுங்க. பட்டனை மட்டும் போட்டுடாதீங்க, தெறிச்சு எவன் கண்ணையாவது பதம் பார்த்துடப் போவுது."

பொட்டலத்துக்கு ஓடிவரும் இதே கூட்டம் செப்டம்பரில் நம் ஊர்ப் புத்தாண்டுக்கு என்ன செய்தது தெரியுமா? கோழிக் குழம்பில் பன்னிரண்டு முட்டை போட்டு, காபிக் கொட்டை வறுத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஈ காக்கை வரவில்லை. முழுக் கோழியையும் நாங்களே தின்றோம். மறுநாள் ஞாயிறு, வெட்கமில்லாமல் பூவோடு வந்து நிற்கிறார்கள்! லீவு வசதிக்காகப் பண்டிகையையே தள்ளிவைக்கும் ஜனங்கள்.

கன்னி மரியாள் உங்கள் வீட்டு வாசலைக் காக்கட்டும். மெக்தெஸின் இரு கண்களிலும் என் முத்தங்கள்.

உன் கீழ்ப்படிந்த தம்பி,
அஸ்ரத்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஸெனெபெச் இதைப் படித்தாள். "அக்கா சரியாத்தான் எழுதியிருக்காங்க. போன வருஷம் பதிமூணாம் மாசத்துக்கு அஞ்சு நாளா, ஆறு நாளா?" என்றாள்.

ஆறு. நாலு வருஷத்துக்கு ஒருமுறை கூடும் அந்த ஒரு நாளை நான் மறந்தேபோனேன். புத்தாண்டுக்கும் நாங்கள்தான் ஒரு நாள் முன்னதாகக் கோழி தின்றிருக்கிறோம். கல்யாணம் ஞாயிறுதான். மெக்தெஸ் குனியும் நேரத்தில் நான் மேகத்துக்கு மேலே முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மேலாளரிடம் ஓடி இன்னும் ஒரே ஒரு நாள் கேட்டேன். தலையாட்டி மறுத்தார். "அப்ப நான் திங்கக்கிழமை வரலை சார். வரவே போறதில்லை" என்றேன். பேசியது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

இறுதி முடிவு என்று எழுதிய வரியை நீயே அடித்துவிடு. அந்த விமானம் நான் இல்லாமலே பறக்கட்டும். எனக்கு ஒரு மெத்தை போட்டு வை அக்கா. எந்தத் தேதியில் திரும்புவேன் என்று மட்டும் என்னிடம் கேட்காதே, ஸெனெபெச்சிடம் கேள்.