கரையான் இல்லாத கட்டடம்

மூத்த விஞ்ஞானிகளுக்குப் பதவி உயர்வு கொடுப்பதில் எங்கள் அரசு ஆய்வு நிறுவனம் மிகவும் கண்டிப்பானது. அறிவு இருக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காக யாரையும் மேலே ஏற்றிவிட முடியுமா? அதற்காகத்தான் 'தகுதி அளவுகோல்' வைத்திருக்கிறோம். அவ்வப்போது அதில் ஒரு புதுச் சொல் சேரும். ஒருமுறை 'புதுமை' வந்தது. எல்லாரும் பழைய ஆய்வுக்குப் புதுத் தலைப்பு வைத்தார்கள். பிறகு 'ஒருங்கிணைப்பு' வந்தது. ஒருவர் எழுதிய கட்டுரையில் ஊரே பெயர் போட்டுக்கொண்டது. கடைசியாக வந்தது 'கண்கூடான தாக்கம்'. அதற்கு என்ன பொருள் என்று கேட்டவர்களைத் தகுதியற்றவர்கள் என்று முடிவு செய்தோம்.

நான் தேர்வுக் குழுவில் குறிப்பெழுதுகிறவன். அந்த ஆண்டு முதலில் உள்ளே வந்தவர் கரையான்காரர். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் கரையானைத் தவிர வேறெதையும் ஆராயாததால் அந்தப் பெயர். மழைக்காலம் தொடங்கும்முன் தான் கண்டுபிடித்த மருந்தைத் தானே சுவரோரமெல்லாம் குனிந்து பூசுவார்.

குழுவில் ஒருவர் கடலலை தெரிந்தவர். இன்னொருவர் உப்பு தெரிந்தவர். கரையான் தெரிந்தவர் இருந்தால் பாரபட்சம் என்பது விதி. தலைவராக இருந்த இயக்குநர் கரையான்காரரின் பழைய மாணவர். குருவின் கட்டுரைகளில் பெயர் போட்டே மேலே போனவர். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பது ஊருக்குப் பழமொழி, எங்களுக்குப் பணிவிதி.

"சார், இந்தக் கட்டடத்துல நான் ஒரு கரையானைக்கூடப் பாத்ததில்லையே," என்றார் இயக்குநர்.

"அதான் சார் என் ஆய்வு."

"இல்லாத பிரச்சினைக்கு எதுக்கு ஆய்வு?"

"ஆய்வு இருக்கறதாலதான் சார் பிரச்சினை இல்ல."

"அதுக்கு ஆதாரம்?"

"கதவு இருக்கே சார். நீங்க உக்காந்திருக்கற நாற்காலி இருக்கே."

'தாக்கம் கண்கூடாக இல்லை' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அடுத்த ஆண்டு ஒரே ஒரு வாய்ப்புதான் அவருக்கு மிச்சம். அதுவும் போனால் அதே பதவியில் ஓய்வு, ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு.

வீட்டில் அவர் மனைவி விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டாராம்.

"ஏங்க, நான் தினம் வீட்டைப் பெருக்கறேன். ஒருத்தராவது நல்லாயிருக்குன்னு சொன்னாங்களா? ரெண்டு நாள் காய்ச்சல்ல படுத்தேன். உங்க அக்கா வந்து, 'இந்த வீட்டுல பெருக்கற வழக்கமே இல்லையா'ன்னு கேட்டாங்க. அப்பதான் நான் பெருக்கினது ஊருக்கே தெரிஞ்சுது."

அந்த மழைக்காலத்தில் மனுஷர் மருந்துத் தூரிகையைக் கையில் எடுக்கவே இல்லை.

முதலில் நூலக அலமாரி போனது. பிறகு படிக்கட்டின் கைப்பிடி. கணக்குப் பிரிவின் மேசை ஒருநாள் மதியம் மண்ணாக உதிர்ந்தது. கணக்கர் அதற்குப் பிறகும் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தார்.

மறு ஆண்டு நேர்காணலில் இயக்குநர் தொண்டையைக் கனைத்து, "உங்க ஆய்வோட தாக்கத்தை..." என்று தொடங்கியதும் நாற்காலி முறிந்து விழுந்தார்.

கரையான்காரர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "இதுதான் சார்."

"அடேயப்பா!" என்றார் கடலலைக்காரர். "கண்கூடா இருக்கு!"

ஒருமனதாகப் பதவி உயர்வு. வெளியே வந்து வாழ்த்துச் சொன்னேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"நல்ல கட்டடம்யா இது," என்றார். "நாளைக்கே மருந்து பூச ஆரம்பிச்சிடறேன்."

முடியவில்லை. உயர்பதவியில் இருப்பவர் தூரிகை பிடிப்பது பதவியின் மாண்புக்கு இழுக்கு என்று விதியில் இருக்கிறது. அவருக்குத் தனி அறை கொடுத்து, கரையான் ஒழிப்பு பற்றிக் கூட்டங்களில் பேச வைத்தோம். கரையான் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அளவுகோல் அருமையாக வேலை செய்கிறது என்று மேலிடம் எங்களைப் பாராட்டியது. அந்த மகிழ்ச்சியில் அடுத்த நேர்காணலுக்கு உட்கார்ந்தோம். வந்தவர் தொற்றுநோய்ப் பிரிவின் மூத்த விஞ்ஞானி. தடுப்பு மருந்து கண்டுபிடித்து ஒரு கொடிய காய்ச்சலை இந்த ஊர்ப் பக்கமே வராமல் வைத்திருந்த அம்மாள். இரண்டு முறை நிராகரிக்கப்பட்டவர். கையில் சின்னதாக ஒரு குளிர்பெட்டி.

இயக்குநர் என் காதருகே குனிந்தார். "யோவ், அந்தக் கேள்வியக் கேக்காம விட்டுடலாமா?"

"கேட்டே ஆகணும்னு விதி சார். நீங்க சொல்லி நான்தான் எழுதினேன்."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "உங்க ஆய்வோட தாக்கத்தைக் கண்கூடா..."

"கொண்டு வந்திருக்கேன் சார்," என்று அம்மாள் மூடியில் கை வைத்தார்.

குழு மொத்தமும் எழுந்து கதவுக்கு ஓடியது. நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். இழுத்தேன்; உப்புக்காரரும் சேர்ந்து இழுத்தார். இழுத்த இழுப்பில் கரையான் தின்ற நிலைச்சட்டம் சரிந்து கதவின்மேல் இறங்கியது. கதவு அசையவில்லை.