மங்களத்தில் தொடங்கிய கச்சேரி

ஏழு வருடம் வயலின் கற்றுக்கொண்டவனுக்கு வயலின் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் வியாதி மட்டும் நிச்சயம் வரும். எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

அமெரிக்காவில், பிளசன்டன் என்ற ஊரில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட டிரைவில் ஒரு கம்யூனிட்டி ஹால். மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஸ்காட்லாந்தின் பழைய மெட்டுகளை வாசிக்கும் குழு ஒன்று அங்கே வட்டமாக உட்காரும். பதினெட்டுப் பேர், பதினெட்டு வயலின். (அவர்கள் ஃபிடில் என்பார்கள். எங்கள் வாத்தியாரும் ஃபிடில் என்றுதான் சொல்வார்.) பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்துக்கொண்டிருந்த என் பதினொரு வயது மகள் நிலா எப்படியோ இந்தக் குழுவில் ஒட்டிக்கொண்டாள். அந்த மாதம் இடைவேளைக்குப் பிறகு அவள் முதன்முறையாகத் தனியாக ஒரு மெட்டு வாசிப்பதாக ஏற்பாடு. ஒரு மாதமாக வீட்டில் வேறு சத்தமே இல்லை.

"யூ கேன் கம், அப்பா. பட் ஜஸ்ட் ஸிட் அண்ட் லிஸன், ஓகே?" என்று நிபந்தனை போட்டாள்.

சும்மா உட்காரவா நான் ஏழு வருடம் வாத்தியாரிடம் குட்டு வாங்கினேன்?

அந்த மெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எதை எத்தனை வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள் என்று வரிசைப்படுத்திக் காட்டும் வலைத்தளம் ஒன்று அகப்பட்டது. நான் இம்பார்ட்டன்ட் கொஸ்டின் மட்டும் படித்தே இன்ஜினியர் ஆனவன். பட்டியலில் முதலில் இருந்த மெட்டை மட்டும், நிலா இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு வாரம் உருப்போட்டேன். எல்லோருக்கும் பிடித்ததை வாசித்தால் எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும் என்பது என் கணக்கு. அது ஏன் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அந்த வழக்கம்தான் எனக்குக் கிடையாதே!

ஞாயிறு மாலை ஆறு மணி. நானும் என் மனைவி சுமதியும் போய் இறங்கினோம். ஒத்திகைக்கென்று நிலா முன்பே வந்திருந்தாள். சுமதி கையில் இடைவேளைக்கென்று ஒரு டிரே மசால் வடை, என் கையில் வயலின் பெட்டி. நிலா அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையிலேயே நான் திரும்பியிருக்க வேண்டும். குழுவின் தலைவி ஜீன், எழுபது வயது அம்மாள், பரம சாது. "புதியவர் வந்திருக்கிறார், அவரே ஆரம்பிக்கட்டுமே" என்று மரியாதை செய்தார்.

நான் ஸ்ருதி சேர்த்தேன். தொண்டையைச் செருமினேன். (வாசிப்பதற்குத் தொண்டை எதற்கு என்று கேட்காதீர்கள்.) வில்லை வைத்து முதல் நாலு ஸ்வரம் இழுத்ததுமே நிலா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா! நாட் தட் ஒன்!"

பாவம், குழந்தை வெட்கப்படுகிறது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பதினெட்டு வயலினும் என்னோடு சேர்ந்துகொண்டன. அடடா, சபையையே கட்டிப்போட்டுவிட்டேன் என்று புல்லரித்தது. ஊர்க் கமகத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டு, தலையை ஆட்டி ஆட்டி முடித்தேன்.

கண்ணைத் திறந்தபோது பாதி வயலின்கள் பெட்டிக்குள் போயிருந்தன. இரண்டு பேர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியே போய்விட்டார். இன்னொருவர், "என்ன ஆச்சு, கட்டடத்தில் தீயா?" என்று என்னையே கேட்டார்.

ஜீன் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி பத்து நிமிடம். பிறகு நிதானமாக விளக்கினார். அது கூட்டத்தை முடிக்கும் மெட்டு. அதற்குப் பிறகு வில்லைத் தொட்டால் ஆகாது என்று அவர்கள் யாரும் தொடுவதில்லை. குழு தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். எல்லாக் கூட்டமும் அதில்தான் முடிகிறதென்றால் அது எல்லோருக்கும் தெரியாமல் என்ன செய்யும்? நான் மெனக்கெட்டு மங்களத்தைத் தேடிப் பிடித்து, முதல் உருப்படியாக வாசித்திருக்கிறேன்!

நிலா வயலினை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். கண்ணிலிருந்து பொட்டுப் பொட்டாக விழுந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு மாத உழைப்பை ஒரே மெட்டில் தின்றுவிட்டேனே!

சுமதி வடை டிரேயோடு பக்கத்தில் வந்தாள். "மங்களத்துல கச்சேரி ஆரம்பிச்ச ஒரே வித்வான் நீங்கதான். சரி, முழிக்காதீங்க. சகுனம் சரியில்லேன்னா நம்ம வீட்ல என்ன பண்ணுவோம்? திரும்பி வந்து, உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு மறுபடி கிளம்புவோம்ல? அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

"இவங்ககிட்டயா? சிரிப்பாங்கடி!"

"ஏற்கெனவே சிரிச்சாச்சு. சொல்லுங்க."

சொன்னேன். ஜீன் சிரிக்கவில்லை. சகுனம் பார்க்கிறவருக்குத்தான் பரிகாரத்தின் அருமை தெரியும் போலிருக்கிறது. எல்லோரையும் பார்க்கிங் லாட்டுக்கு அனுப்பினார். கிளம்பிப்போன பெரியவரை ஃபோன் போட்டு ஃப்ரீவேயிலிருந்து திருப்பினோம். பதினெட்டுப் பேரும் வரிசையாக உள்ளே வந்து, உட்கார்ந்து, சுமதி நீட்டிய பேப்பர் கப்பில் ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள். "இப்போதுதான் வந்திருக்கிறோம். நிலா, நீயே ஆரம்பி" என்றார் ஜீன்.

முதல் வரியில் அவள் வில் நடுங்கியது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டது, நடுக்கம்தான். நான் கண்ணை மூடவே இல்லை. என் பெண் அவ்வளவு நன்றாக வாசிப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு வடையைத் தின்றேன்.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டுக்கு வருகிற நம்மவர்கள், கிளம்புகிறோம் என்று எழுந்து வாசலில் ஷூவோடு முக்கால் மணி நேரம் நின்று பேசுவார்கள். அப்போது நிலா மாடியிலிருந்து அந்த மெட்டை வாசிப்பாள். கதை தெரிந்த அங்கிள்களும் ஆன்ட்டிகளும் சிரித்துக்கொண்டே காருக்குப் போய்விடுவார்கள். போன சனிக்கிழமை புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது. காபி இன்னும் வரவில்லை. "நான்கூட ஏழு வருஷம் வயலின் கத்துக்கிட்டவன் சார்" என்று ஆரம்பித்தேன். மாடியில் அந்த மெட்டு கேட்டது.