சிங்க்கை அடைத்த வைரத்தோடு

இரண்டு கல்லும் சேர்ந்து அரைக் கேரட்டுகூட இல்லை. மூடிய பெட்டிக்குள், பூஜை அலமாரியில், அம்மன் படத்துக்குப் பக்கத்தில் பேசாமல் இருக்கின்றன. அவை எப்படிச் சமையலறை சிங்க்கை அடைத்திருக்க முடியும்?

ஆஸ்திரேலியாவின் வெஸ்ட்மீட்டில், தன் வீட்டு சிங்க்குக்குக் கீழே டார்ச்சுடன் மல்லாந்து படுத்தபடி கௌரிசங்கர் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான்.

"வைரம் வீட்டுக்குள்ள வந்து ரெண்டு மணி நேரம் ஆகலை," என்றாள் மேலே நின்ற அவன் மனைவி லக்ஷ்மிப்ரியா. "அதுக்குள்ள பாருங்க."

"ப்ரியா, நேத்து நீ நெய் காய்ச்சின பாத்திரத்தைக் கழுவினே. சூடா இருக்கும்போது நெய் தண்ணி மாதிரி ஓடும். இந்தக் குளிர்ல குழாய்க்குள்ள போனதும் மெழுகு மாதிரி உறைஞ்சிடும். மேல வர்ற சோத்துப் பருக்கை அதுல ஒட்டும். இது இயற்பியல்."

"பத்து வருஷமா இதே சிங்க்லதான் கழுவறேன். இன்னிக்கு மட்டும் ஏன் அடைக்கணும்?"

கௌரிசங்கரிடம் இதற்கும் பதில் இருந்தது. எதற்கும் இருக்கும். வங்கியொன்றில் தரவுப் பகுப்பாய்வு செய்கிறவன். ரைஸ் குக்கர் வாங்குவதற்கே பதினொரு வரிசை, ஆறு பத்தி அட்டவணை போட்டவன். அவனோடு வாதம் செய்து ஜெயித்தவர் வீட்டிலும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை. தோற்றவர்கள்கூடக் குறைவு. பெரும்பாலானோர் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

கல்யாணமாகி இருபது வருஷம். இருபதாவது வருஷம் வைரத்தோடு வாங்கித் தருகிறேன் என்று முதல் வருஷமே சொல்லியிருந்தான். அதோடு, மெல்போர்னில் இருக்கும் லக்ஷ்மிப்ரியாவின் தங்கை கலா, கிளென் வேவர்லியில் புது வீடு வாங்கியிருந்தாள். ஆவணி முதல் வெள்ளி கிரகப்பிரவேசம். கலாவின் காதில் ஏற்கெனவே வைரம் இருந்தது. அக்காவின் காதில் அதற்குள் வைரம் ஏறியாக வேண்டும். இதை லக்ஷ்மிப்ரியா வாய்விட்டுச் சொல்லவில்லை. காலண்டரில் அந்த வெள்ளிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். இரண்டு வட்டம்.

ஆகவே கௌரிசங்கர் நாலு மாதம் ஆராய்ந்து, ஒரு இணையதள நகைக்கடையில் தோட்டைத் தேர்ந்தெடுத்தான். தேர்ந்தெடுத்த முறையை மனைவிக்கு விளக்கியும் காட்டினான்.

"எல்லாரும் கல்லோட எடையைப் பார்ப்பாங்க. அது தப்பு. பட்டை தீட்டறதுதான் முக்கியம். வெளிச்சம் மேல்பக்கமா உள்ள போகும். அடிப்பட்டைல ரெண்டு தடவை மோதித் திரும்பி மேலயே வரும். கோணம் சரியா இல்லேன்னா வெளிச்சம் கீழ ஒழுகிப் போயிடும். இதுல ஒரு சொட்டு ஒழுகாது!"

"சரிங்க. ஆனா பக்கத்துல வந்து பார்த்தாத்தானே அது தெரியும்?"

"பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா பிரமாதமா தெரியும்."

லக்ஷ்மிப்ரியா திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள். பிறகு, "எங்க வீட்டுல வைரத்தை மூணு ராத்திரி பூஜைல வச்சுப் பார்த்துட்டுத்தான் போடுவாங்க," என்றாள். "நல்லது நடந்தா நமக்குச் சேரும். இல்லேன்னா திருப்பிக் குடுத்துடணும். எங்க சித்திக்கு வைர மூக்குத்தி வந்த மறுநாளே சித்தப்பாவை ராமநாதபுரத்துக்கு மாத்திட்டாங்க."

கௌரிசங்கர் இதை மறுக்கவில்லை. மாறாக மகிழ்ந்தான். ஊரில் தெரிந்த குடும்பத்துக்குத்தான் நகைக்கடைக்காரர் மூன்று நாள் அவகாசம் கொடுப்பார். இந்தக் கம்பெனியோ, யார் என்ன என்று கேட்காமல், தோட்டில் தொங்கும் சீட்டைக் கழற்றாமல் இருந்தால் சரி என்று முப்பது நாள் கொடுக்கிறது. நம் முன்னோரைவிடப் பத்து மடங்கு!

அந்த அவகாசத்தின் முதல் நாளில்தான் சிங்க் அடைத்துக்கொண்டது. இரண்டாம் நாள் வாஷிங் மெஷின் நடுவில் நின்றது. மூன்றாம் நாள், தோசை வார்க்கும்போது புகை அபாய மணி அலறித் தெருவையே எழுப்பியது.

"போதும்," என்றாள் லக்ஷ்மிப்ரியா. "இது நமக்குச் சேராது."

"ப்ரியா, போன ஆறு மாசத்துல வீட்டுல நடந்த கோளாறெல்லாம் பட்டியல் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்குச் சராசரியா மூணு. அப்ப வைரமே இல்லையே?"

"அதெல்லாம் நம்ம கஷ்டம். இது வைரத்தோட கஷ்டம்."

கௌரிசங்கர் மடிக்கணினியைத் திறந்து பார்த்தான். அவனுடைய அட்டவணையில் இதற்குப் பத்தி இல்லை.

திருப்பி அனுப்பும் வேலையை அவளே செய்தாள். கம்பெனியின் இணையதளத்தில் நாலு கேள்விக்குப் பதில் போட்டு, லேபிளை அச்செடுத்து, மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் வழியில் தபால் நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவன் பக்கத்து வீட்டுப் பவளம் அன்ரியிடம் யோசனை கேட்டான். அன்ரி யாழ்ப்பாணம் (அங்கே ஆன்ட்டியை அப்படித்தான் சொல்வார்கள்), அறுபத்தெட்டு வயது, எல்லாவற்றிலும் கைதேர்ந்தவர்.

"கல்லில ஒரு பொட்டுக் குறை இருந்தாலும் வீட்டில காட்டிப்போடும், தம்பி. குறையில்லாத கல்லா எடுங்கோ."

இது கௌரிசங்கருக்குப் புரிகிற மொழி. வைரத்துக்குள் நூல்போலவும் புள்ளிபோலவும் சிறு கீறல்கள் இருக்கும். ஒன்றுகூட இல்லாத கல்லும் உண்டு, விலைதான் ஏறும். அவன் விலையை ஏற்றவில்லை. அதே விலையில் குறையற்ற கல் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றைத்தான் குறைக்க வேண்டியிருந்தது. அளவை.

அதோடு விடவில்லை. சோதனை நடுநிலையாக நடக்க வேண்டும் என்று, புதுத் தோட்டின் பெட்டியை அன்ரியின் வீட்டு விலாசத்துக்கே வரவழைத்தான். அங்கே மூன்று ராத்திரி இருக்கட்டும். தன் வீட்டு சிங்க்கின் மேல் பழி வராது.

பெட்டி வந்த மாலை மூவரும் அன்ரியின் கூடத்தில் கூடினார்கள். அன்ரி மூடியைத் திறந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

"பிள்ளை, கல்லு எங்கேயோ விழுந்திட்டுது போல கிடக்கு."

"அங்கதான் இருக்கு அன்ரி, நடுவுல!" என்றான் கௌரிசங்கர். "இருங்க. கல்லோட விளிம்புல லேசர்ல நம்பர் பொறிச்சிருப்பாங்க. தலைமுடியைவிட மெல்லிசா இருக்கும். காட்டறேன்." மேஜை விளக்கைக் கொண்டுவந்து செருகி, பூதக்கண்ணாடியை வைத்து, கால் மணி நேரம் காட்டினான். அன்ரிக்கு நம்பரும் தெரியவில்லை, கல்லும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அன்ரி கதவைத் தட்டினார். கையில் பெட்டி.

"உங்கட வைரத்தைப் பிடியுங்கோ, தம்பி. என்ர ரிவி நிண்டுபோச்சு. ராத்திரி முழுக்க நாடகம் பார்க்கேல்ல."

கௌரிசங்கர் ஓடிப்போய்ப் பார்த்தான். அஞ்சே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். "அன்ரி, ஒண்ணுமில்லை! நேத்து விளக்கு போடறதுக்காக நான்தான் டிவி பிளக்கைப் பிடுங்கினேன்."

"ஓம். பிடுங்கச் சொல்லி உங்களுக்கு ஆர் புத்தி குடுத்தது? அந்தக் கல்லுத்தான்."

"பாத்தீங்களா?" என்றாள் லக்ஷ்மிப்ரியா. அன்றே லேபிளை அச்செடுத்துவிட்டாள்.

கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. கௌரிசங்கர் களைத்துப் போயிருந்தான். அட்டவணை முப்பத்தேழு பத்திக்கு வளர்ந்திருந்தது, ராசிக்கு மட்டும் எந்தச் சூத்திரமும் ஒத்துவரவில்லை. கடைசியில் மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினான்.

"ராசி உனக்குத்தானே தெரியும்? கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணைத் தொடு."

லக்ஷ்மிப்ரியா கண்ணை மூடவில்லை. நாலே விநாடியில் ஒரு தோட்டைத் தொட்டாள். ஒவ்வொரு கல்லும் அரைக் கேரட்.

"இதோட பட்டைக் கோணம் என்னன்னு..."

"மனசுல பட்டுதுங்க."

திங்கட்கிழமை பெட்டி வந்தது. பூஜையில் வைத்தார்கள். கௌரிசங்கர் அதன் எதிரே உட்கார்ந்து காத்திருந்தான். இதுவும் போனால் ப்ரியா வெறும் காதோடு கலா வீட்டு வாசலில் நிற்பாள். இருபது வருஷத்து வாக்கை நான் காப்பாற்றவில்லை என்று ஆகும்.

அன்றிரவே மாடிக் குளியலறைக் குழாய் கசிந்து, கூடத்துக் கூரையில் ஆஸ்திரேலியா வடிவத்தில் ஈரம் படர்ந்தது.

லக்ஷ்மிப்ரியா அண்ணாந்து பார்த்தாள். "வீட்டுல தண்ணி பெருகினா நல்லதுங்க."

செவ்வாய்க்கிழமை, மருத்துவமனைப் பக்கத்தில் நிறுத்தியிருந்த காரின் பின்புறத்தை யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பம்பர் ஒரு பக்கம் தொங்கியது.

"உள்ள ஆள் இருக்கும்போது இடிச்சிருந்தா? கல்லுதான் காப்பாத்திருக்கு."

"ப்ரியா, சிங்க் அடைச்சது கெட்டது, கூரை ஒழுகினது நல்லதா?"

"சிங்க்ல தண்ணி போகலை. இதுல தண்ணி வருது. வித்தியாசம் இருக்கில்ல?"

அவன் இதை எழுதி வைத்துக்கொண்டான். வியாழக்கிழமை மெல்போர்ன் விமானம் ரத்தாயிற்று. "ரொம்ப நாளாச்சு, பேசிக்கிட்டே கார்ல போலாமே," என்றாள் தோட்டை மாட்டியபடி. கயிற்றால் கட்டிய பம்பர் கடகடக்க, பத்து மணி நேரம் ஓட்டினான். வழியெல்லாம் அவள் முன்கண்ணாடிக்கு மேலிருந்த சிறு கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டே வந்தாள். இருபது வருஷத்தில் அவள் இவ்வளவு சிரித்து அவன் பார்த்ததில்லை. ராசி என்று ஒன்று உண்டு போலிருக்கிறதே என்று முதல் முறையாக நினைத்தான். புதிதாக ஒரு பத்தி சேர்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, கிளென் வேவர்லியில் பால் பொங்கியது. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே கலா கூவினாள்: "அக்கா! எப்ப வாங்கினே? இங்கேர்ந்தே கண்ணைப் பறிக்குதே!" பூதக்கண்ணாடி எதுவும் தேவைப்படவில்லை.

அப்போது கௌரிசங்கரின் போன் அடித்தது. பின்கட்டுக்குப் போய் எடுத்தான். நகைக் கம்பெனி வாடிக்கையாளர் பிரிவு, பேசுகிறவர் பெயர் கிரண். பெயரையும் உச்சரிப்பையும் கேட்டதும் இவன் தமிழில் பேசிப் பார்த்தான், அவரும் தமிழுக்கு மாறினார்.

"ஒண்ணுமில்ல சார், ஒரே மாசத்துல ரெண்டு ரிட்டர்ன் வந்தா நாங்க ஒரு தடவை கூப்பிட்டுக் காரணம் கேக்கணும். எங்க சரக்குல ஏதாவது குறையா?"

"குறையே இல்லை! எல்லாம் ராசிதான்," என்று கௌரிசங்கர் உற்சாகமாக ஆரம்பித்தான். மூன்று ராத்திரிச் சோதனை, சிங்க், உறைந்த நெய், அன்ரியின் டிவி, வாரத்துக்கு மூன்று என்ற சராசரி, தண்ணீர் போவதற்கும் வருவதற்கும் உள்ள வித்தியாசம் என்று பதினைந்து நிமிஷம் வரிசையாக விளக்கினான். "இதை நீங்க உங்க இணையதளத்துல ஒரு பத்தியா சேர்த்தா, மத்தவங்களுக்கும் உதவியா இருக்கும்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது.

"சார், ரிட்டர்ன் படிவத்துல மேடம் ரெண்டு தடவையும் குறிச்சிருக்கிற காரணம் 'கல் ரொம்பச் சின்னது'ன்னுதான் இருக்கு. இப்ப வாங்கின தோடு போன தீபாவளிலேர்ந்து எங்க தளத்துல அவங்க சேத்து வச்சிருக்கிற விருப்பப் பட்டியல்ல முதல் இடத்துல இருக்கு. அடுத்த தடவை வாங்கறதுக்கு முன்னாடி மேடம்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க சார்."