புத்தகம் படித்தவரோடு படம் பார்ப்பது

கொசுக்கடி, கரண்ட் கட், பக்கத்து வீட்டு மிக்ஸி மூன்றையும் தாங்கிக்கொண்டு ஒரு நகைச்சுவைப் படத்தைப் பார்த்து முடித்துவிடலாம்; அந்தப் படம் எந்த நாவலிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த நாவலைப் படித்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முடியாது. இந்த இனம் முன்பெல்லாம் அபூர்வம். படமெடுப்பவர்கள் கதை வறண்டுபோய்ப் பழைய நாவல்களில் கைவைக்க ஆரம்பித்ததும் இவர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. அதுவரை வீட்டில் நாவல் படிக்கிறவரை ரேஷன் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது ரிமோட் அவர் கையில் இருக்கிறது.

இவர்களை எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். பெயர் போடும்போதே தொண்டையைச் செருமுவார்கள். முதல் காட்சியில் ஒரு பெருமூச்சு. கதாநாயகனைப் பார்த்ததும் நெற்றியில் ஒரு தட்டு. புத்தகத்தில் அவனுக்கு மீசை கிடையாது, வீட்டுக்கு ஓட்டுக்கூரை, அத்தைக்காரி ஒல்லி, அன்றைக்கு மழை பெய்தது, நாயின் பெயர் வேறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, நகைச்சுவைக் காட்சி நெருங்கும்போது மட்டும் சட்டென்று அமைதியாகி, எல்லோரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, யாரும் சிரிப்பதற்கு முன்னால் தான் சிரித்துவிடுவார்கள். அப்புறம் நாம் சிரித்தால் அதில் என்ன ருசி இருக்கிறது? அவர் மென்று துப்பியதை நாம் மெல்லுகிறோம்.

சரி, புத்தகத்தில் இருப்பதை அட்சரம் பிசகாமல் எடுத்தாலாவது திருப்திப்படுவார்களா? மாட்டார்கள். அப்போது, சொந்தச் சரக்கு இல்லாமல் அப்படியே காப்பியடித்துவிட்டான் என்பார்கள். நாவலை எழுதியவரே நேரில் வந்து 'நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள்' என்று சொன்னால், அவர் இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது என்று சொல்லக்கூடியவர்கள்.

இந்த இனத்தில் எனக்கு நன்றாகப் பழக்கமானவர் தென்காசிக் குத்தாலிங்கம் அண்ணாச்சி. அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி உமாதேவி, கல்லூரிக்குப் போகும் மகள் சண்முகப்பிரியா, இலத்தூரிலிருந்து வாரம் தவறாமல் வந்துபோகிற மைத்துனன் நாகராஜன். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். நாவல் மட்டும் படித்திருக்காவிட்டால் அந்த வீட்டில் ஒரு குறையும் இருந்திருக்காது.

சென்ற வருஷம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு தொடர் வந்தது. பழைய நகைச்சுவை நாவல் ஒன்றை எடுத்திருந்தார்கள். கல்யாணப் பந்தியில் பாயசம் முதலில் யார் இலையில் விழுந்தது என்ற தகராறில் இரண்டு சம்பந்திகள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு. மாப்பிள்ளையும் பெண்ணும் படுகிற பாடுதான் கதை. சம்பந்திகளில் யார் முதலில் வாயைத் திறப்பார் என்று ஊரே காத்துக்கிடந்தது. உமாதேவியும்தான். அந்த அம்மாளுக்குக் காலையிலிருந்து அடுப்படி. ஞாயிற்றுக்கிழமை அந்த அரைமணி நேரம் மட்டும்தான் தனக்கென்று உட்காருவாள். அந்த அரைமணி நேரத்தில்தான் குத்தாலிங்கம் பாடம் நடத்துவார். போதாததற்கு, முக்கியமான இடத்தில் டிவி சத்தத்தை நிறுத்திவைத்து, மடியில் இருக்கும் புத்தகத்தைப் பிரித்து, சரியான வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுவார்.

அப்படியானால் அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள், நாங்களும் படித்துவிடுகிறோம் என்று மகள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். கொடுப்பாரா? அட்டை கிழிந்துவிடும் என்றார். எல்லோரும் படித்துவிட்டால் பிறகு அந்த வீட்டில் அவருக்கு என்ன வேலை?

கடைசிப் பகுதி வரப்போகிற வாரம், சாப்பாடு பரிமாறும்போது உமாதேவி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. முடிவ மட்டும் சொல்லிராதீங்க. யாரு மொதல்ல பேசுதாங்கன்னு நானே பாத்துக்கிடுதேன்."

குத்தாலிங்கம் சத்தியம் செய்தார். ஆனால் அன்றிலிருந்தே அவர் முகம் சரியில்லை. காபி குடிக்கும்போது தானாகச் சிரித்துக்கொண்டார். 'எதிர்பாக்குதவங்கதான் ஏமாறுவாங்க' என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்தால் முடிவு எப்படியும் வெளியே வந்துவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. மகளும் மாமனும் கூடிப் பேசினார்கள். பேசி ஒரு திட்டம் போட்டார்கள்.

அருவிச் சீசன் களைகட்டியிருந்த நேரம். ஞாயிறு மதியம் சாப்பிட்டு எழுந்ததும் நாகராஜன் அவர் தோளைப் பிடித்துவிட்டபடி, அத்தானுக்கு உடம்பெல்லாம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, குற்றாலத்தில் ஆள் வைத்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் பஞ்சாகிவிடும் என்று ஆரம்பித்தான். தென்காசிக்காரனை மடக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? எண்ணெய் உடம்பில் ஏறிவிட்டால் அருவியில் நிற்காமல் வீடு திரும்ப முடியாது. சீசன் ஞாயிற்றுக்கிழமை அருவியில் நிற்பதற்கு வரிசை. வரிசையில் நின்று, குளித்து, ஈரத் துண்டோடு மிளகாய் பஜ்ஜியும் தின்றுவிட்டு வருவதற்குள் சம்பந்திகள் பேசி முடித்திருப்பார்கள். நாகராஜனுக்கும் கடைசிப் பகுதி போய்விடும்தான். அக்காவுக்காக அதைத் துறந்தான். அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் செய்யாத தியாகம்.

எல்லாம் திட்டப்படி நடந்தது. குத்தாலிங்கம் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயில் பளபளத்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு மெயினருவி வரிசையில் போய் நின்ற நேரத்தில், மலைக்கு மேலே பெய்த மழை கீழே வந்து சேர்ந்தது. தண்ணீர் அருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியது. போலீஸ்காரர் விசிலடித்துக் கூட்டத்தை வெளியேற்றினார். எல்லா அருவியிலும் குளிக்கத் தடை.

நாகராஜனுக்கு வியர்த்தது. கட்டணக் குளியலறைக்குப் போகலாம் என்றான். மங்குஸ்தான் பழம் வாங்கித் தந்தான். தடையை எடுத்துவிடுவார்கள், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றான். குத்தாலிங்கத்துக்கு அப்போதுதான் தொடர் ஞாபகம் வந்தது. வீட்டுக் குழாயில் குளித்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். எண்ணெய் ஆளை எந்த ஆட்டோக்காரர் ஏற்றுவார்? ஒவ்வொருவரும் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் சீட்டைப் பார்த்தார். கடைசியில் ஒருவர் மனமிரங்கிச் சீட்டில் சாக்கை விரித்து ஏற்றிக்கொண்டார்.

வீட்டு வாசலில் சண்முகப்பிரியா கையை விரித்து மறித்தாள். சோபாவுக்குப் புது உறை போட்டிருக்கிறது, எண்ணெயோடு உள்ளே வரக் கூடாது, பக்கச் சந்து வழியாகப் பின்கட்டுக் குளியலறைக்குப் போகவேண்டும். பெண்பிள்ளை சொல்வதில் நியாயம் இருந்ததால் அவர் சந்துக்குள் போனார். சந்தில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியே பார்த்தால் டிவி தெரியாது. உமாதேவியின் முகம்தான் தெரியும். தகரக் கூரையில் சாரல் அடித்துக்கொண்டிருந்ததில் வசனமும் காதில் விழவில்லை.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். உமாதேவி இரண்டு கைகளாலும் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள். அவள் கண் ஒரு பக்கம் போயிற்று, மறுபக்கம் வந்தது. இரண்டு சம்பந்திகளும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று குத்தாலிங்கம் ஊகித்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் புத்தகத்தில் இருவரும் கடைசிவரை பேசவே மாட்டார்கள். பேரப்பிள்ளை பிறந்த பிறகும் முறைத்துக்கொண்டேதான் பாயசம் குடிப்பார்கள். பாவம், ஏமாறப்போகிறாள்.

உமாதேவி ஏமாறவில்லை. வாயைப் பிளந்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்ட, பக்கத்தில் இருந்த தலையணையை அடித்து அடித்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அவர் எடுத்துக்கொடுக்காமலே அவளுக்குச் சிரிக்கத் தெரிந்திருக்கிறதே!

ஜன்னல் கம்பியில் எண்ணெய் முகத்தை வைத்து, "ஏட்டி, பேசிட்டாங்களா? யாரு மொதல்ல பேசுனா?" என்று கேட்டார்.

உமாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"புஸ்தகத்துல இருக்குமே. பாத்துக்கிடுங்க."

மகளும் சொல்லவில்லை. மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கான செயலி மகளின் செல்போனில் இருக்கிறது. தொடரே குப்பை, தப்பைத் திருத்தத்தான் உட்காருகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்லிவந்தவர் அதை எந்த வாயால் கேட்பார்? மறுநாள் டீக்கடைக்குப் போனார். முடிவைக் கெடுத்துவிட்டார்கள் இல்லையா என்று பொதுவாக ஒரு தூண்டில் போட்டார். அங்கிருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அவர் பக்கம் திரும்பி, புத்தகத்தில் எப்படி இருந்தது, முதலில் அதைச் சொல்லுங்கள் அண்ணாச்சி என்று பிடித்துக்கொண்டார்கள். பால் பூத்திலும் அதே கதை. படித்தவரிடம் போய்ப் பார்த்தவர் வாய் திறப்பாரா? ஒரு வருஷம் ஆகிறது, அவருக்கு இன்னும் தெரியாது. இப்போதெல்லாம் அவர் வீட்டில் வாயைத் திறக்காமல்தான் தொடர் பார்க்கிறார். உமாதேவி நிம்மதியாகச் சிரிக்கிறாள்.

யார் முதலில் பேசினார் என்று எனக்குத் தெரியும். சொல்வதாக இல்லை.

நீங்கள் இதைப் படித்துச் சிரித்தீர்களோ இல்லையோ, முடித்ததும் வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்து 'படித்துப் பார்' என்று சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் கொடுத்துவிட்டு எழுந்து உங்கள் வேலையைப் பார்க்கப் போவீர்களா? அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "எண்ணெய் தேய்க்கிற இடம் வந்துட்டா? இன்னும் வரலையா? அதுக்கு மேலதான் வேடிக்கையே" என்று ஆரம்பிக்கமாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?