கேபினட் சாமியின் மஞ்சள் துணி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓசூர் பாகலூர் ரோட்டில் நின்று பார்த்தால், ஊரே வீடு காலி செய்துகொண்டு போகிறதோ என்று தோன்றும். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு கம்ப்யூட்டர் கேபினட், பின்னால் மானிட்டரைக் கட்டிப் பிடித்தபடி ஓர் அம்மா. ஷேர் ஆட்டோவுக்குள் நான்கு கேபினட்டும் இரண்டு மனிதர்களும். தளி பஸ்ஸில் வந்து இறங்கும் கேபினட்டுகளுக்கு கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தே களைத்துப் போயிருந்தார். எல்லாம் கேம் விளையாட வாங்கிய கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றின் தலையிலும் ஓர் எலுமிச்சம்பழம்.

எங்கே போகிறது இந்த ஊர்வலம்? ரிப்பேர் கடைக்கு என்று நினைத்தால் நீங்கள் விவரம் தெரியாதவர். கேபினட் சாமியைப் பார்க்கப் போகிறது.

சாமியின் பூர்வாசிரமப் பெயர் ஜெகதீஷ். முதலில் காந்தப் படுக்கை விற்றார். முதுகுவலி போகும் என்றார். படுக்கை வாங்கியவர்களின் பணம் மட்டும் போயிற்று. பிறகு வீட்டு வாசலை இடித்துத் திருப்பி வைக்கச் சொல்லும் வாஸ்து நிபுணரானார். வாசலை இடித்தவர்கள் அவரையும் இடிக்க வந்ததால் கொஞ்ச நாள் காணாமல் போய், தாடியோடு திரும்பி வந்தார். இப்போது அவருக்கு மின்காந்த தேவதைகளோடு நேரடிப் பேச்சு. பக்தர்களைத் தமிழில் ஆசீர்வதிப்பார், கன்னடத்தில் நலம் விசாரிப்பார், தட்சிணையை மட்டும் தெலுங்கையும் சேர்த்து மூன்று மொழியிலும் கேட்பார்.

அற்புதம் இதுதான். மெதுவாக, திக்கித் திக்கி ஓடும் கம்ப்யூட்டரைச் சாமி முன்னால் வைக்க வேண்டும். திரையின் மூலையில் கேமின் வேகம் எண்ணாகத் தெரியும். இருபது, இருபத்திரண்டு என்று நொண்டும். சாமி ஒரு மஞ்சள் துணியால் கேபினட்டை மூடுவார். உள்ளே கை விட்டு, "ஈசான மூலை பாக்கட்டும்" என்று அதைத் திருப்பி வைப்பார். செம்பில் செய்த வேகத் தகட்டைத் துணிக்குள்ளேயே ஒட்டுவார். திரை ஒரு தடவை கறுத்து, மீண்டும் வெளிச்சமாகும். கேமை மூடித் திறந்தால் எண்பது, தொண்ணூறு! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். தகட்டின் விலை ஒன்பதாயிரம். தேவதைகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் ரசீதும் கிடையாது.

இந்தக் கூட்டத்தில் போன வாரம் ரத்தினவேலும் நின்றான். ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். முடியில் பாதி கனம் தப்பினாலும் பீஸைத் தூக்கிக் குப்பையில் போடுகிற வேலை. அவ்வளவு கறாரான ஆள், கம்பெனி கேட்டைத் தாண்டும்போது சேஃப்டி ஷூவோடு மூளையையும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வருவான் என்பதுதான் விசேஷம்.

அவனும் தங்கை கவிப்ரியாவும் ஓசூரில் ஒரே அறை வீட்டில் இருந்தார்கள். அவள் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்குகிறவள். ஒரு டிசைன் கம்பெனியில் பயிற்சி இடம் காலியாக இருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு கியர்பாக்ஸை முழுசாக வரைந்து மாதக் கடைசிக்குள் அனுப்பினால், ஸ்க்ரூவிலிருந்து அவளுக்கு விடுதலை. அண்ணனுக்குக் கேம் வேண்டும், தங்கைக்கு கியர்பாக்ஸ் வேண்டும். இரண்டுக்குமே, திரையில் படத்தை வேகமாக ஓட்டுகிற நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஆளுக்குப் பாதி என்று சேர்ந்தார்கள்.

ஆறு மாதம் திட்டம் போட்டார்கள். சாப்பிடும்போதும் அதே பேச்சு.

"கலர் கலரா லைட்டு எரியற கேபினட் எடுக்கலாம் கவி. சும்மா தூள் பறக்கும்."

"லைட்டு எரிஞ்சா கேம் வேகமா ஓடுமாணா?"

"அழகுக்குத்தான்."

"அழகுக்கு உன் மூஞ்சி போதும். அந்தக் காசைக் கார்டுல போடு."

இப்படி லைட்டை வெட்டி, கண்ணாடிக் கதவை வெட்டி, கீபோர்டைப் பழையதாகப் பிடித்து, மிச்சப்பட்டதையெல்லாம் கிராபிக்ஸ் கார்டில் கொட்டினார்கள். பட்ஜெட்டுக்குள் முதல் கம்ப்யூட்டர் கட்டுகிற யாரும் இதைவிட ஒழுங்காகத் திட்டம் போட்டிருக்க முடியாது. கோளாறு கடையில் காத்திருந்தது.

பாகலூர் ரோட்டுக் கடைக்காரர் பாகங்களை மாட்டிக் கொடுத்தார். கேபினட்டின் பின்பக்கம், கீழே, ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். 'பிரித்தால் வாரண்டி கிடையாது' என்று அதில் எழுதியிருந்தது.

"மானிட்டர் கேபிளை மேல இருக்கற ஓட்டையில சொருவுங்க தம்பி. கீழ கைய வெச்சிராதீங்க, அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து அப்படியே செருகினார்கள். கேம், வயிறு சரியில்லாத மாடு மாதிரி நகர்ந்தது. கவிப்ரியாவின் கியர்பாக்ஸ் ஒரு பல் திரும்ப ஒரு யுகம் எடுத்தது. கடைக்காரரிடம் ஓடினால், அவர் கையை விரித்து வானத்தைப் பார்த்தார்.

"பாகம் எல்லாம் நல்ல பாகம்தான். ஏதோ தோஷம் தம்பி. நம்ம கேபினட் சாமிய ஒருவாட்டி பாத்துருங்களேன்."

நம்ம சாமி என்பதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் கடைக்காரரின் அக்காள் புருஷன்தான். அது அன்றைக்கு ரத்தினவேலுக்குத் தெரியாது.

அவன் போன வாரம் போய் அற்புதத்தைக் கண்ணால் பார்த்து, சாமி காலில் விழுந்தான். சாமி கண்ணை மூடி, "கம்ப்யூட்டரை யார் யார் தொட்டாங்க?" என்று கேட்டார்.

"நானும் என் தங்கச்சியும், சாமி."

"அதான பாத்தேன்! பொம்பளை கை பட்ட தோஷம். அடுத்த ஞாயிறு கொண்டா, தகடு கட்டறேன். ஆனா அதுக்கப்புறம் ஒரு மண்டலம் அந்தப் பொண்ணு விரல்கூடப் படக் கூடாது. பட்டா தகடு செத்துடும்."

ரத்தினவேல் வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். கவிப்ரியா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒரு மண்டலம்னா நாப்பத்தெட்டு நாள். நான் வரைஞ்சு அனுப்ப இருக்கறதே மூணு வாரம். தெரியுமில்ல?"

"என்ன பண்றது கவி... சாமி சொல்றாரு..."

"அதுல பாதி காசு நான் குடுத்தது. காசை வாங்கும்போது பொம்பளை கை தோஷம் தெரியலையா உனக்கு? நான் கம்பெனில ஒரு நாளைக்கு ஆயிரம் போர்டைத் தொடறேன். அத்தனையும் ஓடுது. உன் டப்பா மட்டும் என் விரல் பட்டுச் செத்துடுமா?"

அவள் குரல் உடைந்தது. அழுகையை விடக் கோபம்தான் அதில் அதிகம். ரத்தினவேலுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தொண்ணூறு என்ற எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டானே! கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது?

"என் கண்ணால பாத்தேன் கவி. இருபது தொண்ணூறாச்சு."

"சரி. தகடு ஒட்டினதைப் பாத்தியா?"

"துணிக்குள்ள ஒட்டினாரு."

"கேபினட்டைத் திருப்பினதை?"

"அதுவும் துணிக்குள்ளதான்."

"உன் மெஷின்ல பீஸ் சைஸ் தப்பிச்சுன்னா என்ன பண்ணுவ? டூலையும் மாத்தி, ஸ்பீடையும் மாத்தி, மேல ஒரு துணியையும் போட்டு மூடுவியா?"

"அதெப்படி? ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். இல்லன்னா எதனால சரியாச்சுன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டான். லாக்கரில் பூட்டிய சாமான் லேசாக அசைந்தது.

"அதையேதான் சாமிகிட்டயும் கேளு. துணி வேணாம், திருப்ப வேணாம், தகட்டை மட்டும் ஒட்டட்டும். தொண்ணூறு வந்தா ஒன்பதாயிரத்தையும் குடு. நானும் கம்ப்யூட்டர் பக்கமே வரல."

சாமி சொன்ன ஞாயிறு, கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. ரத்தினவேலின் முறை வந்தது. கேம் இருபத்தொன்றில் திக்கியது. சாமி மஞ்சள் துணியை உதறினார்.

"சாமி, துணி இல்லாம தகடு மட்டும் ஒட்டினா போதுங்க" என்றான் ரத்தினவேல். குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஆனால் சாமிக்கு நன்றாகக் கேட்டது.

"மறைவில்லாம சக்தி எறங்காதுடா. கர்ப்பக்கிரகத்துல திரை போடறாங்களே, எதுக்கு?" சொல்லிக்கொண்டே சாமியின் கண் கவிப்ரியா மேல் விழுந்தது. "ஓ! தோஷமே நேர்ல வந்து நிக்குதா? நம்பிக்கை இல்லாதவங்க நின்னா தகடு வேலை செய்யாது. அந்தப் பொண்ணு வெளிய போவட்டும்!"

கூட்டம் உடனே சாமியோடு சேர்ந்துகொண்டது. "போம்மா வெளிய!" "உன்னால எங்களுக்கும் லேட்டாவுது!" தளியிலிருந்து பூ விற்ற காசோடும் மகனுடைய கேபினட்டோடும் வந்திருந்த சென்னம்மா, "வயசுப் பொண்ணுக்கு இம்மாம் வாய் ஆகாது சாமி" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

கவிப்ரியா சண்டை போடவில்லை. "நான் போறேன். இப்ப தோஷமும் இல்ல, சந்தேகமும் இல்ல. தகடு வேலை செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய் எதிர் டீக்கடையில் நின்றுகொண்டாள்.

சாமி வெற்றிப் புன்னகையோடு துணியைப் போர்த்தினார். கையை உள்ளே விட்டார். மந்திரம் உரக்கக் கிளம்பியது. ரத்தினவேல் வாசல் பக்கம் பார்த்தான். தங்கை டீ வாங்கவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தாள். ஆறு மாதம் லைட்டு வேண்டாம், கண்ணாடி வேண்டாம் என்று ஒவ்வொன்றாக வெட்டிக் காசு சேர்த்தவள். அவள் சேர்த்த சாமானுக்கு முன்னால் நிற்கக்கூட அவளுக்கு இடம் இல்லை. அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

துணியின் ஒரு நுனியைப் பிடித்து, ஒரே இழு.

சாமியின் தகடு தரையில் கிடந்தது. அதை அவர் இன்னும் தொடவேயில்லை. இடது கையில் மானிட்டர் கேபிளைப் பாதி உருவிப் பிடித்திருந்தார். வலது கைக் கட்டைவிரலில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. 'பிரித்தால் வாரண்டி கிடையாது' என்ற எழுத்து முன்வரிசைக்குத் தெளிவாகத் தெரிந்தது. சாமி விரலை உதறினார். நல்ல பசை, போகவில்லை.

"கவி! உள்ள வா!" என்று ரத்தினவேல் கத்தினான்.

அவள் வந்து கேபினட்டின் முதுகைக் குனிந்து பார்த்தாள். ஸ்டிக்கர் இருந்த இடத்தில், மேலே இருப்பது போலவே இன்னோர் ஓட்டை. ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"மேல இருக்கற ஓட்டை மதர்போர்டோடது, சாதா படத்துக்கு. கீழ இருக்கறதுதான் நாம காசு கொட்டின கிராபிக்ஸ் கார்டு. கேபிளை மேல சொருவினா கார்டு சும்மா தூங்குது. கார்டுல இருக்கற ஓட்டையை ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருக்காங்க. அதைப் பாத்துப் பயந்து நானும்தான் தொடாம இருந்துட்டேன்."

"தொடாத! தோஷம்!" என்று அலறினார் சாமி.

"இருங்க சாமி, முதல்ல உங்க தகடு." தரையில் கிடந்த தகட்டை எடுத்து அவளே கேபினட்டின் நெற்றியில் ஒட்டினாள். கேபிளை மேலேயே செருகினாள். கேம் ஓடியது. இருபத்தொன்று. தகடு பளபளவென்று சும்மா இருந்தது. பிறகு தகட்டைப் பிய்த்துச் சாமியின் மடியில் போட்டாள். கேபிளை உருவிக் கீழே செருகி, கேமை மூடித் திறந்தாள். எண்பத்தொன்பது. எலுமிச்சம்பழம் இல்லை, ஈசான மூலை இல்லை, இருந்ததெல்லாம் ஒரு பெண்ணின் கை.

அடுத்த கணம் எல்லோரும் தங்கள் தங்கள் கேபினட்டைத் திருப்பினார்கள். எல்லாவற்றின் முதுகிலும் அதே சிவப்பு ஸ்டிக்கர், அதே கடை.

"டேய், அந்தக் கடைக்காரன் இவன் மச்சான்டா!" என்று யாரோ கத்த, சாமி எழுந்தார். மின்காந்த தேவதைகள் அவரைச் சுவர் ஏறிக் குதிக்க வைத்தன. தாடி மட்டும் சுவருக்கு அந்தப்பக்க முள்வேலியில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. எல்லை தாண்டி அட்டிபெலே பக்கம் போகிற பஸ்ஸில், கட்டைவிரலில் சிவப்பு ஸ்டிக்கரோடு ஒருவர் ஏறியதாகப் பிறகு சொன்னார்கள். அங்கேயும் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அங்கேயும் தலைகள் லாக்கரில்தான் இருக்கின்றன.

ரத்தினவேல் கேபினட்டைத் தூக்கித் தோளில் வைத்தான். "மொதல்ல உன் கியர்பாக்ஸை முடி கவி. அதுவரைக்கும் நான் அது பக்கமே வரல."

"ஒரு மண்டலமா?" என்றாள் அவள். அவன் தலையைக் குனிந்தபடி முன்னால் நடந்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாடு உருப்பட்டிருக்கும். அவர்கள் ரோட்டுக்கு வருவதற்குள் சென்னம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு கேபினட்டோடு. சற்றுமுன் 'போம்மா வெளிய' என்று கத்திய அதே வாய்கள்.

"கண்ணு, தெரியாம பேசிட்டேன். உன் கை ராசியான கைம்மா! எங்க பையன் பொட்டியையும் அந்தக் கையால ஒருவாட்டி தொட்டுக் குடுத்துரு, தாயீ!" என்று சொல்லி, சாமிக்காக வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அவள் கையில் திணித்தார்.

கவிப்ரியா பழத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என் கையில ஒண்ணும் இல்லைங்கம்மா. கேபிளை உருவிக் கீழ சொருவறது உங்க கைக்கே வரும். போய் ஜூஸ் போட்டுக் குடிச்சிட்டு, உங்க தலையை ஒருவாட்டி தொட்டுப் பாருங்க. அது உங்ககிட்ட இருக்கா, இல்ல அதையும் அந்தாளுகிட்ட குடுத்துட்டீங்களான்னு."