மேடையில் ஒரு கரண்ட் ஆபீஸ்

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ரோஜா வளைவு மட்டும் வேண்டாம்" என்று மண்டப மேலாளர் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

மேடை அலங்காரக்காரிக்கு முகம் சுருங்கிப்போனது. வருஷக்கணக்காக அவள் போட்டதெல்லாம் ரோஜா வளைவுதான். பெரிய கல்யாணத்துக்குப் பெரிய வளைவு, சின்னக் கல்யாணத்துக்குச் சின்ன வளைவு. அவளுக்குப் பெயரே 'வளைவக்கா' என்றாகிவிட்டது.

"போன மாசம் ஒருத்தர் தன் ஆல்பம்னு நினைச்சு அடுத்தவர் ஆல்பத்தை எடுத்துட்டுப் போயிட்டார். வீட்டுல போய்ப் பார்த்தப்புறம்தான் பொண்டாட்டி மாறியிருக்கிறது தெரிஞ்சுதாம்" என்றார் மேலாளர். "இந்தக் கல்யாணத்துக்கு யாரும் பார்க்காத மாதிரி ஒண்ணு பண்ணுங்க. இல்லேன்னா இனிமே மண்டபத்து வேலை முழுக்க எதிர்க்கடைக்காரருக்குத்தான்."

எதிர்க்கடைக்காரர்! அவரிடம் தோற்பதற்கு அவள் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்காரலாம்.

அன்று முழுக்க அவள் கற்பனைக்காகக் காத்திருந்தாள். கூரையைப் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது குழாயைப் பார்த்தாள். எல்லாமே வளைவாகத்தான் தெரிந்தது.

மேடைக்கு விளக்குப் போடுகிற எலக்ட்ரீஷியன் அவள் புருஷன்தான். "சுவத்தைப் பார்த்தா என்ன வரும்? அந்தப் பொண்ணு மாப்பிள்ளையைப் போய்ப் பாரு. எங்க சந்திச்சாங்க, என்ன ஏதுன்னு கேளு" என்றான். அவன் சொன்னதிலும் ஒரு விஷயம் இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெண்ணின் அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். "வண்டில ஏறினதும் முகத்தைத்தான் பார்ப்பேன். டிக்கெட் எடுக்காதவன் முகம் தனியாத் தெரியும்மா" என்று வந்தவள் காபியை வாயில் வைப்பதற்குள் சொல்லிவிட்டார். "எங்க வீட்ல ஒழுங்குன்னா ஒழுங்கு. காதல் கீதல் எல்லாம் கிடையாது."

மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் சோபாவின் இரண்டு கோடிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னொரு கல்யாணம் நடத்தலாம்.

"நீங்க ரெண்டு பேரும் முதல்ல எங்க பார்த்துக்கிட்டீங்க?"

இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

"கரண்ட் ஆபீஸ்ல" என்றாள் மணப்பெண். "பில் கட்டற வரிசைல. தற்செயலா. ஒரே ஒரு தடவைதான். அப்புறம் அவங்க வீட்ல வந்து பேசினாங்க."

வளைவக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "மேடையையே கரண்ட் ஆபீஸாப் போட்டா?"

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. "ஐயோ அக்கா, அங்க ஒண்ணுமே இல்லை. உடைஞ்ச பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத ஃபேன், டோக்கன் குடுக்கற ஒரு மிஷின்…"

"ஆகா, டோக்கன்!"

"அன்னைக்கு ஒரே மழை வேற" என்றாள் மணப்பெண்.

"மண்டையைப் பிளக்கற வெயில்" என்றான் அவன், அதே நேரத்தில்.

"வெயிலும் மழையும் ஒண்ணாவா!" வளைவக்கா துள்ளி எழுந்தாள். "பாதி மேடை நீலம், பாதி மஞ்சள்!"

"அக்கா, ரோஜா வளைவே போதும். எனக்கு ரோஜான்னா உயிர்" என்று மணப்பெண் கெஞ்சினாள்.

எவ்வளவு அடக்கமான பெண் என்று வளைவக்கா உருகிப்போனாள். "என்னைக்குன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"போன வருஷம்… ஆகஸ்ட் ஆறு" என்று மணப்பெண் வாய்க்கு வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். வெட்கம் என்று வளைவக்கா நினைத்துக்கொண்டாள்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழியனுப்ப வாசல்வரை வந்தவர், "ஏம்மா, என்ன வேணா பண்ணுங்க. தேதியை மட்டும் சின்னதா போடுங்க. போடாட்டியும் பரவாயில்லை" என்றார்.

ரசனை கெட்ட மனுஷர்! தேதியை ஆள் உயர எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் அவள் அன்று சாப்பிடவே உட்கார்ந்தாள்.

கரண்ட் ஆபீஸில் அதிகாரியைப் பிடித்துக் கழித்துப்போட்ட சாமான்களைக் கேட்டாள். வாசல் காவலாளியே கொட்டகையைத் திறந்து பழைய டோக்கன் மிஷினையும், சிவப்பு எண் ஒளிரும் பலகையையும், உடைந்த நாற்காலிகளையும் எடுத்துக் கொடுத்தார். அவரையும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு வந்தாள்.

கல்யாணத்தன்று மாலை. மேடையில் கண்ணாடி கவுன்ட்டர். அதன் பின்னால், 'சில்லறையாகத் தரவும்' என்ற பலகைக்குக் கீழே, மணமக்கள். தலைக்கு மேல் ஆகஸ்ட் ஆறு. உள்ளே வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு டோக்கன்; பலகையில் தன் எண் வந்தால்தான் மேடை ஏறி வாழ்த்தலாம்.

மண்டப மேலாளர் பேயறைந்ததுபோல் நின்றார்.

பத்தாம் டோக்கன்வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பதினொன்று வர வேண்டிய இடத்தில் பலகை தொண்ணூறுக்குத் தாவியது. அப்போதுதான் உள்ளே நுழைந்த தொண்ணூறு நேராக மேடை ஏறினார். பதினொன்றைக் கையில் வைத்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்துவிட்டார். "எல்லா ஆபீஸ்லயும்தான் என்னைக் காக்க வெச்சாங்க. எங்க வீட்டுக் கல்யாணத்துலயுமா?"

வளைவக்காவின் புருஷன் பலகைக்குப் பின்னால் புகுந்து ஒரு ஒயரைப் பிடுங்கினான். எண்கள் பின்னோக்கி ஓட ஆரம்பித்தன. ஏற்கெனவே வாழ்த்தியவர்கள் குழப்பத்தோடு மறுபடி மேடை ஏறினார்கள்.

"என்னங்க பண்றீங்க?"

"சரி பண்றேன்!"

இன்னொரு ஒயரைச் செருகினான். பதினொன்று வந்து அப்படியே நின்றுவிட்டது. மணி அடித்தது. பெரியப்பா கம்பீரமாக ஏறி, வாழ்த்தி, இறங்கினார். மறுபடி மணி, மறுபடி பதினொன்று. பெரியப்பா விடுவாரா? திரும்பவும் ஏறினார். மூன்றாவது தடவை அவர் ஏறியபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பெரியப்பா மைக்கை வாங்கி நன்றி சொன்னார்.

இனி மானம் போனால் என்ன, இருந்தால் என்ன என்று வளைவக்கா மைக்கைப் பிடுங்கினாள். "கவுன்ட்டர் சாப்பாட்டு இடைவேளைக்காக மூடப்படுகிறது!"

எழுந்த சிரிப்பில் கூரை அதிர்ந்தது. தங்கள் கல்யாணத்தில் மணமக்களே மேடையில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவதை அந்த மண்டபம் அன்றைக்குத்தான் பார்த்தது. உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுக்க அடிதடி. அடுத்து கல்யாணம் வைத்திருந்தவர்களெல்லாம் வளைவக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தாங்கள் பல் ஆஸ்பத்திரியில் சந்தித்ததாகச் சொல்லி ஆசையோடு பார்த்தார்.

மண்டப மேலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இனிமே இங்க எல்லா மேடையும் நீங்கதான்." அவருக்குப் பின்னால் எதிர்க்கடைக்காரர், கையில் இன்னும் கூப்பிடப்படாத டோக்கனோடு நின்றுகொண்டிருந்தார். வளைவக்காவின் வாழ்க்கையில் அதைவிட நல்ல காட்சி கிடையாது.

கரண்ட் ஆபீஸ் காவலாளி கையைத் துடைத்துக்கொண்டே வந்து மேடையை அண்ணாந்து பார்த்தார்.

"அப்படியே எங்க ஆபீஸேதாம்மா. ஒண்ணுதான் இடிக்குது. போன வருஷ ஆகஸ்ட்ல முதல் வாரம் பூரா உள்ள பெயின்ட் அடிச்சாங்க. பூட்டைப் போட்டுட்டு வாசல்ல நான் மட்டும்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈ காக்கா உள்ள போகலையே?"

வளைவக்கா மேடையைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தட்டில் இருந்த வெங்காயத்தை மணப்பெண் பேச்சு வாக்கில், பார்க்காமலேயே, ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை வரிசையில் பார்த்துக்கொண்டவர்களுக்கு வருகிற பழக்கம் இல்லை அது. அந்த அப்பாவின் காதில் மட்டும் இது விழுந்தால்?

திரும்பினாள். அப்பா அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

காவலாளியின் முகம் மலர்ந்தது. "அட, ஐயா! அன்னைக்கு பில் கட்ட வந்து, பூட்டை ஆட்டிப் பார்த்துட்டு, என்னைத் திட்டிட்டுப் போனது நீங்கதானே?"

அப்பா ஆள் உயர எழுத்துகளை ஒரு தடவை பார்த்தார். மேடையில் சிரித்துக்கொண்டிருந்த மகளையும் பார்த்தார். பிறகு வளைவக்காவின் காதருகே குனிந்தார்.

"அதுக்குத்தாம்மா, தேதியை மட்டும் சின்னதா போடச் சொன்னேன்."