சிம்பு கட்டிய விரல்

பீரோவைத் தூக்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு கணவன் வாழ்க்கையில் ஒரு முறையாவது உறுதியாக நிற்க வேண்டும். நான் படுத்துக்கொண்டே நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியின் அண்ணன் வீடு மாற்றுகிறார். அவருடைய பீரோ யானைக்குச் சித்தப்பா. அன்று மாலையே மன்றத்தில் கேரம் இரட்டையர் இறுதிப் போட்டி. மருந்துக்கடைக்காரரும் நானும் ஜோடி. பல வருஷம் தோற்று, இப்போதுதான் இறுதிச் சுற்றைக் கண்ணால் பார்க்கிறோம். பீரோ தூக்கிய கை கேரம் ஆடுமா?

நல்ல வேளையாக, என் வலது சுட்டுவிரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறியவில்லை, வீக்கம்தான் என்றார் டாக்டர். விரல் மடங்காமல் இருக்க ஒரு மெல்லிய மரக்குச்சியை அடியில் வைத்துத் துணி சுற்றினார். அதற்குச் சிம்பு என்று பெயராம். வீக்கம் வடிந்ததும் கழற்றிவிடலாம் என்றார். அது மறுநாளே வடிந்துவிட்டது. நான் வெளியே சொல்லவில்லை. தினமும் குளித்துவிட்டு நானே கட்டிக்கொண்டேன். ஞாயிறு மதியம், பீரோ போய்ச் சேர்ந்த பிறகு கழற்றிவிடுவதாகத் திட்டம்.

மனைவி சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுவிட்டாள். சாய்ந்த ரோஜாக் கிளைக்கும், விரிசல் விட்ட நாற்காலிக் காலுக்கும் இதே மாதிரிதான் குச்சி வைத்துக் கட்டியிருப்பதாகச் சொன்னாள்.

“அதுங்க ரெண்டும் வேலைக்குத் திரும்பிடுச்சு” என்றாள்.

ஞாயிறு காலை வந்தது. அண்ணன் வீட்டுக்குக் கிளம்பச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வெற்றிதான் என்று புரண்டு படுத்தேன்.

“என்னங்க, மருந்துக்கடைக்காரர் போன் பண்ணினார். உங்களால ஆட முடியாதுன்னு சொல்லிட்டேன். உங்களுக்குப் பதிலா நான் ஆடறேன்.”

எழுந்து உட்கார்ந்தேன். “நீயா? குழியில விழுந்த காயைப் பொறுக்கத்தானே உனக்குத் தெரியும்?”

“நீங்க ஆபீஸ் போனப்புறம் அதைக் குழியில போடறது யாருன்னு நினைச்சீங்க?”

கட்டைப் பிரித்து எறிந்தேன். விரலை மடக்கினேன், நீட்டினேன், சொடுக்கும் போட்டேன். பூரணமாகக் குணமாகிவிட்டது, நானே ஆடுகிறேன் என்றேன்.

அவள் வெண்டைக்காய் வாங்குகிறவள் போல விரலை வளைத்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. பொத்தான் போட முடியாத கையால இவ்வளவு அழகா முடிச்சுப் போட முடியாதுன்னு நீங்களா கட்டின முதல் நாளே எனக்குத் தெரியும். அதான் அண்ணனைச் சாயந்தரத்துக்கு மாத்திக்கச் சொன்னேன்.”

“அப்போ போட்டி?”

“பேரை மாத்திக் கொடுத்தாச்சுங்க. மறுபடி மாத்த மாட்டாங்களாம்.”

மாலையில் மாடிப்படியின் நடுவில் நின்றேன். மேலே மச்சான், கீழே நான், இடையில் பீரோ. அவருடைய போன் அடித்தது. பேசுவதற்கு வசதியாக ஒரு கையை எடுத்துக்கொண்டார். பாரம் முழுக்க என் பக்கம் இறங்கியது. சாவகாசமாகப் பேசி முடித்துவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, தங்கச்சி ஜெயிச்சுட்டா. பரிசு ஆளுக்கொரு வாஷிங் மெஷினாம். உங்க மூணாவது மாடிக்குத் தூக்க வீட்டுலயே ஆள் இருக்குன்னு சொல்லிட்டாளாம்.”